அளந்து விற்ற நிலமா, விற்று அளந்த நிலமா? 1805இல் ஒஹாயோ ஆற்றங்கரையில் 160 ஏக்கர் வாங்குவது

1805ஆம் ஆண்டு. பென்சில்வேனியாவிலிருந்தோ வர்ஜீனியாவிலிருந்தோ மேற்கே புறப்படும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கையில் நூறு, நூற்றைம்பது டாலர் வெள்ளிக்காசு. தேவை, காடு திருத்திப் பயிரிட 160 ஏக்கர். ஒஹாயோ ஆற்றின் இரு கரையிலும் நிலம் விற்பவர்களுக்குக் குறைவே இல்லை. தென்கரையில் கென்டக்கி. வடகரையில் மத்திய அரசு விற்கும் நிலம், வர்ஜீனியா படைவீரர்களுக்கென ஒதுக்கிய நிலம், ஒப்பந்தக்காரர்கள் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கும் நிலம். வடக்கே போனால் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் டச்சு வங்கிக்காரர்களின் நிலம். இது எதுவும் வேண்டாம் என்று கோடரியோடு போய்க் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டவர்களும் ஏராளம்.

ஏக்கர் என்ன விலை என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். முதல் கேள்வி வேறு: அளந்துவிட்டு விற்கிறார்களா, விற்றுவிட்டு அளக்கிறார்களா? இந்த வரிசை மாறினால் அதே ஓக் மரக்காடு, அதே கருப்பு மண், ஒரு பக்கம் பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் இன்னொரு பக்கம் இருபது வருட வழக்காகவும் ஆகிவிடும்.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இந்த நிலமெல்லாம் ஷானி, டெலவேர், மயாமி, செனகா, செரோக்கி மக்கள் வாழ்ந்த மண். ஒஹாயோவின் தெற்கு, கிழக்குப் பகுதிகள் 1795ஆம் ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில், போரில் தோற்ற பிறகு, அவர்கள் கையைவிட்டுப் போனவை. வாங்குபவருக்கு இதன் சட்ட விளைவு: அரசு செய்த உடன்படிக்கையிலிருந்து இறங்கிவராத பத்திரம் எதுவும் நிற்காது. நில வியாபாரி ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1775இல் செரோக்கி தலைவர்களிடம் நேரடியாகப் பேசிக் கென்டக்கியின் பெரும்பகுதியை வாங்கியதாகச் சொல்லித் துண்டு போட்டு விற்றார். கென்டக்கியை அப்போது தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியா 1778இல் அந்தக் கிரயத்தையே செல்லாது என்றது. ‘பழங்குடித் தலைவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது’ என்று யாராவது தனியார் பத்திரத்தை நீட்டினால், எழுந்து வந்துவிடுவதே நல்லது.

சங்கிலி ஒன்றுதான், பிடிப்பவர் வேறு

எந்த நிலமானாலும் அளக்கும் கருவி ஒன்றே. கன்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 லிங்க், லிங்க் ஒன்று 7.92 அங்குலம். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுர சங்கிலி ஓர் ஏக்கர். நம் ஊர்ப் பழைய புலப்படங்களை லிங்க் கணக்கில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. 1 சென்ட் என்பது 1000 சதுர லிங்க்தான். அடர்ந்த காட்டிலும் மேட்டிலும் இழுப்பதற்கு 33 அடி அரைச்சங்கிலி. கென்டக்கி பத்திரங்களில் வரும் ‘போல்’ கால் சங்கிலி, அதாவது 16½ அடி.

பிசகுவது எங்கே என்று தெரிந்திருந்தால் பத்திரத்தில் உள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சங்கிலி நூற்றுக்கணக்கான வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் தேய்ந்தால் மொத்த நீளம் கூடிவிடும். ஒரு லிங்க் அளவு நீண்ட சங்கிலியால் அளந்த ‘160 ஏக்கர்’ உண்மையில் 163 ஏக்கருக்கு மேல் இருக்கும், வாங்கியவருக்கு லாபம். சரிவில் நேர்மாறு. சங்கிலியைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, துண்டு துண்டாக இறக்கி அளக்க வேண்டும். சோம்பல்பட்டு மண்ணோடு மண்ணாக இழுத்தால், 15 பாகைச் சரிவில் ஒவ்வொரு 100 லிங்குக்கும் மூன்றரை லிங்க் காணாமல் போகும். முன்னால் போகிறவர் 11 இரும்பு முளைகளை ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்றாகக் குத்திக்கொண்டு போவார். பின்னால் வருபவர் பிடுங்கிச் சேர்ப்பார். பத்துச் சங்கிலிக்கு ஒரு எண்ணிக்கை. ஓடையைத் தாண்டும்போது அந்த எண்ணிக்கை ஒன்று தவறினால் 660 அடி மாயம். பிழை சரியாகப் பத்துச் சங்கிலியாக வந்து நின்றால் சந்தேகப்பட வேண்டியது முளை எண்ணியவரைத்தான்.

திசைக்கு, காந்த ஊசி. ஊசி காட்டும் வடக்கு ஆண்டுக்காண்டு நகரும்; பாறையில் இரும்பு இருந்தால் அங்கேயே திரும்பும். அரை மைல் நீள எல்லைக்கோட்டில் ஒரு பாகை மாறினால் மறுமுனை 46 அடி தள்ளிப் போகும். முப்பது வருடம் கழித்து அதே பத்திரத்தை வைத்துக்கொண்டு அதே பாகையில் கோடு இழுக்கும் பேரன், பக்கத்து வீட்டுக்காரரின் சோளத்துக்குள் போய் நிற்பது இப்படித்தான்.

கென்டக்கி: நல்ல மண், கெட்ட பத்திரம்

மண்ணை மட்டும் பார்த்தால் கென்டக்கியின் நடுப்பகுதிக்கு ஈடு கிடையாது. சிக்கல் முழுக்க, வர்ஜீனியா 1779இல் போட்ட நிலச்சட்டத்தில் இருக்கிறது. (கென்டக்கி தனி மாநிலமானது 1792இல்தான்.) அந்தச் சட்டப்படி நிலம் பெற நான்கு படி.

முதலில் வாரண்ட். 100 ஏக்கருக்கு 40 பவுண்டு கட்டினால் ஒரு சீட்டு. கட்டியது நாளுக்கு நாள் மதிப்பிறங்கிக்கொண்டிருந்த காகிதப் பணம் என்பதால் சீட்டுகள் குவிந்தன. சீட்டில் ஏக்கர் இருக்கும், இடம் இருக்காது. இரண்டாவது, பதிவு. மாவட்ட சர்வேயரிடம் போய், ‘இன்ன ஓடையின் இன்ன கிளையில், இன்னார் முகாம் போட்ட இடத்துக்கு மேலே’ என்று இடத்தைச் சொல்லி எழுதிவைப்பது. மூன்றாவது, அளவு. நான்காவது, பட்டா. இந்த நான்குக்கும் இடையில் வருடங்கள் ஓடும். ஒரு கட்டத்திலும் அரசு முழு வரைபடத்தை விரித்து ‘இந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது’ என்று சொல்லவில்லை. சொல்ல வரைபடமே கிடையாது. கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக உரிமைகள் ஏறிக்கொண்டன.

பதிவு ‘தெளிவாகவும் துல்லியமாகவும்’ இருக்க வேண்டும், அடுத்து வருபவர் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. காட்டில் அலைந்தவர்களுக்குத் தெளிவாகப் பட்டது கோர்ட்டுக்குத் தெளிவாகப் படவில்லை. அந்தக் காட்டை யாரையும்விட நன்றாக அறிந்த டேனியல் பூன், தானே சர்வேயராகவும் இருந்தவர், கென்டக்கியில் வைத்திருந்த நிலத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டு 1799இல் மிசூரிக்குப் போய்விட்டார்.

அளவுப் பத்திரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் கரையோரம் நிற்கும் சைகமோர் மரத்தில் தொடங்கி, வடக்கு 40 பாகை கிழக்காக 160 போல் போய், ஒரு ஹிக்கரியும் இரண்டு வெள்ளை ஓக்கும் சேர்ந்த இடம், அங்கிருந்து...’ இப்படியே சுற்றித் தொடங்கிய சைகமோருக்கு வந்து சேரும். நம் பத்திரங்களின் ‘நான்கெல்லைக்குட்பட்ட’ என்பதன் உறவுக்காரர்தான். இதில் சொன்னவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புவது என்பதற்கு அமெரிக்கக் கோர்ட்டுகளில் ஒரு வரிசை உறுதிப்பட்டது: முதலில் ஆறு, ஓடை, குறித்த மரம் போன்ற இயற்கை அடையாளம், பிறகு மனிதர் நட்ட முளை, கல், பிறகு திசை, பிறகு தூரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏக்கர். பணம் கொடுப்பது ஏக்கருக்கு, கைக்கு வருவது மரங்களுக்கு இடைப்பட்டது. ‘ஏறத்தாழ’ என்ற ஒரு சொல் பத்திரத்தில் இருந்தால் வித்தியாசம் வாங்கியவர் தலையில்.

இதைக் கண்முன் காட்டும் கணக்கு ஒன்று பொதுப் பதிவிலேயே இருக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன், 1803இல் கென்டக்கியில் மில் கிரீக் பக்கம் 238 ஏக்கர் என்று 118 பவுண்டு கொடுத்து ஒரு பண்ணை வாங்கினார். 1814இல் விற்கும்போது அதை 200 ஏக்கர் என்றே விற்க முடிந்தது. கைக்கு வந்தது 100 பவுண்டு. 38 ஏக்கர் அளவுப் பிழையில் போயிற்று. அடுத்து வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை, பழைய பாக்கி வில்லங்கத்தில் கைவிட்டுப் போனது. மூன்றாவதாக நாப் கிரீக்கில் இருந்தபோது பெரிய பட்டா ஒன்றின் வாரிசுகள் வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். குடும்பம் கென்டக்கியை விட்டதற்கு அடிமைமுறை ஒரு பகுதிக் காரணம், முக்கியக் காரணம் நிலப் பத்திரத் தொல்லை என்று மகன் பிற்பாடு எழுதினார். தாமஸ் ஏமாளி இல்லை. விலை நியாயமாகத்தான் இருந்தது. பார்க்க முடியாதது, அந்த விலைக்குக் கீழே கிடந்த பழைய உரிமைகள்.

அப்படியும் கென்டக்கியில்தான் வாங்குவேன் என்பவருக்குச் சில வேலைகள். விற்பவரின் கிரயப் பத்திரத்தோடு நிற்காமல் தாய்ப்பத்திரம்வரை போக வேண்டும். பட்டா, அதற்கு முந்தைய அளவு, அதற்கும் முந்தைய பதிவு மூன்றின் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரண வழக்கில் பழைய பட்டா ஜெயிக்கும். ஆனால் எதிராளியின் பதிவு உங்களுடையதைவிடப் பழையது, தெளிவானது என்றால் அவர் வேறு வழியில் உங்கள் பட்டாவையே தட்டிவிடலாம். நிலவரிப் பாக்கிக்காக ஏலம் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் இல்லாத சொந்தக்காரர்களின் நிலம் அப்படிப் போவது சகஜம். விற்பவர் ‘வேறு யாராவது உரிமை கோரினால் நானே பொறுப்பு’ என்று எழுதிக்கொடுப்பார். அந்த உத்தரவாதத்தின் பலம் அவர் பாக்கெட்டின் பலம்தான். ரிச்மண்டில் கடனாளியாகக் கிடக்கும் நில வியாபாரியின் உத்தரவாதத்தை எரித்துக் குளிர்காயலாம்.

மூலை மரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. அளக்கும்போது மரத்தில் கோடரியால் பட்டையைச் சீவி வெட்டுக்குறி போடுவார்கள். மரம் அந்தக் காயத்தை மூடி வளரும். பத்து, இருபது வருடத்தில் வெளியே ஒரு மெல்லிய தழும்பு மட்டும் தெரியும். தகராறு வந்தால் அந்த இடத்தைக் கட்டையாக வெட்டியெடுத்து, வெட்டுக்கு மேல் வளர்ந்த வளையங்களை எண்ணுவார்கள். பத்திரம் 1784 என்கிறது, வளையம் 9தான் இருக்கிறது என்றால் யாரோ 1796 வாக்கில் மரத்துக்கு ‘வயது’ ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். கோர்ட்டில் அந்த மரக்கட்டையே சாட்சி.

வாங்கி வீடு கட்டிக் காடு திருத்திய பிறகு தோற்றால்? 1797இல் கென்டக்கி ஒரு சட்டம் போட்டது: ஜெயித்தவர், இருந்தவர் செய்த திருத்தத்துக்கு விலை கொடுக்க வேண்டும். கேட்க ஆறுதலாக இருக்கும். இதை நம்பி முதலீடு செய்ய வேண்டாம். 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வகைச் சட்டங்கள் வர்ஜீனியாவோடு செய்த ஒப்பந்தத்துக்கு முரண் என்று அடித்துவிட்டது.

ஆற்றைத் தாண்டியும் அதே பழக்கம்

வடகரைக்குப் போனாலே தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் இடறுவது வர்ஜீனியா ராணுவ மாவட்டத்தில். சயோட்டோ, லிட்டில் மயாமி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே சுமார் 42 லட்சம் ஏக்கர். விடுதலைப் போரில் சண்டையிட்ட தன் படைவீரர்களுக்குக் கொடுக்க வர்ஜீனியா ஒதுக்கிவைத்துக்கொண்டது. மூன்று வருடம் சேவை செய்த சிப்பாய்க்கு 100 ஏக்கர் வாரண்ட், அதிகாரிகளுக்கு ஆயிரக்கணக்கில். சிப்பாய்கள் பலர் வாரண்டை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் வியாபாரிகள்.

இங்கும் வாரண்டுக்காரர் விருப்பப்பட்ட இடத்தில் விருப்பப்பட்ட வடிவில் வெட்டிக்கொள்ளலாம். நதானியேல் மாசி போன்ற சர்வேயர்கள் கூலியாக நிலத்தில் கால் பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொண்டார்கள். 1795க்கு முன் இங்கே அளப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பனிக்காலத்தில், வேகவேகமாக, எதிரி வருமுன் முடித்துவிட்டு ஓடுவது. அப்படி இழுத்த கோடு நேராக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பல துண்டுகள் பத்திரத்தில் சொன்னதைவிடப் பெரியவை. கூடுதலாகக் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். அந்தக் கூடுதலுக்குள்தான் அடுத்த வாரண்டுக்காரர் வந்து முளை அடிப்பார்.

இருந்தாலும் கென்டக்கியோடு ஒன்றாகத் தள்ளிவிட முடியாது. இங்கே உரிமை கிளைப்பது ஒரே வகை வாரண்டிலிருந்து. மத்திய அரசு பட்டா கொடுக்கிறது. உரிமைகளின் அடுக்கும் குறைவு. பட்டா ஏற்கெனவே வந்துவிட்ட, பத்து வருடமாக யாராவது குடியிருந்து உழுகிற, மூலை மரங்கள் நிற்கிற துண்டு கிடைத்தால் யோசிக்கலாம். ஆற்றுப்படுகை மண்ணாகப் பார்த்து வளைத்து எடுத்திருப்பார்கள் என்பதால் மண் பிரமாதமாகவே இருக்கும். பட்டா வராத வெறும் ‘பதிவு’ என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நில அலுவலகம்: ஒரு வரியில் முடியும் பத்திரம்

1785 மே 20இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போட்ட நில ஆணை வரிசையைத் திருப்பிப் போட்டது: முதலில் அளவு, பிறகு விற்பனை. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்கள் 36. ஒவ்வொன்றும் 640 ஏக்கர் பிரிவு. 16ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. அரசு சர்வேயர் தாமஸ் ஹட்சின்ஸ் அந்த ஆண்டு செப்டம்பர் 30இல் பென்சில்வேனியா எல்லை ஒஹாயோ ஆற்றைத் தொடும் இடத்தில் முதல் கோட்டைத் தொடங்கினார். 1787இல் நியூயார்க்கில் நடந்த முதல் ஏலத்தில் சுமார் 73 ஆயிரம் ஏக்கர்தான் நின்றது. காரணம் எளிது. குறைந்தது 640 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் முழுப் பணமும், அதுவும் மலைகளுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில். குடியானவனுக்கு எட்டாத தூரம். 1796இல் விலையை ஏக்கருக்கு 2 டாலராக ஏற்றியபோது இன்னும் மோசம்.

நிலைமை மாறியது 1800இல். வடமேற்குப் பிரதேசத்தின் காங்கிரஸ் பிரதிநிதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் முன்னின்று கொண்டுவந்த சட்டம், சின்சினாட்டி, சில்லிகாத்தி, மரியெட்டா, ஸ்டூபன்வில் ஆகிய நான்கு ஊர்களில் நில அலுவலகம் திறந்தது. பாதிப் பிரிவு, 320 ஏக்கர் வாங்கலாம். நான்கு வருடத் தவணை. 1804இல் கால் பிரிவு, 160 ஏக்கராகவே வாங்கலாம் என்றாயிற்று. தவணை தவறாதவர்களுக்கு வட்டியும் இல்லை. நம் குடும்பத்துக்குக் கணக்கு இதுதான்:

160 ஏக்கர், ஏக்கர் 2 டாலர்: மொத்தம் 320. விண்ணப்பத்தோடு இருபதில் ஒரு பங்கு, 16 டாலர். சில வாரங்களில் அதையும் சேர்த்து முதல் கால் பங்கை நிரப்ப 64. பிறகு இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு முடிவில் தலைக்கு 80. முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டால் தள்ளுபடி போக ஏக்கருக்கு 1.64 டாலர், அதாவது 262 டாலர் 40 சென்ட்.

அலுவலகத்தில் இருவர். பதிவாளர் டவுன்ஷிப் வரைபடத்தை விரித்துக் காட்டி எழுதுவார்; பணத்தைத் தொடமாட்டார். பணம் வாங்குபவர் வேறு ஆள். ஒருவர் புத்தகம் மற்றவர் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வரைபடத்தில் உங்கள் சதுரம் காலியாக இருக்கிறதா, இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரியும். கென்டக்கியில் இருபது வருடம் வக்கீல் வைத்தும் பதில் கிடைக்காத கேள்வி இது. ரசீதும் சான்றிதழும் கைக்கு வரும். பட்டா முழுப் பணமும் கட்டிய பிறகு வாஷிங்டனிலிருந்து வரும். நடுவில் கைமாற்ற வேண்டுமானால் சான்றிதழை எழுதிக்கொடுத்து மாற்றலாம். ஒஹாயோவில் மத்திய அரசு விற்ற நிலத்துக்கு ஐந்து வருடம் மாநில வரியும் கிடையாது; இதைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிடுபவர்கள் அதிகம்.

தாமஸ் லிங்கனை மறுபடி பாருங்கள். இண்டியானாவுக்குப் போய் 1817இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கர் எடுத்தார். முதலில் 16 டாலர், பிறகு 64. பத்திர விவரம் இவ்வளவுதான்: 4ஆம் தெற்கு டவுன்ஷிப், 5ஆம் மேற்கு வரிசை, 32ஆம் பிரிவின் தென்மேற்குக் கால். சைகமோர் இல்லை, ஹிக்கரி இல்லை, இன்னார் முகாம் இல்லை. அந்த ஒரு வரியை வேறு எந்த நிலத்தோடும் குழப்ப முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை தவணை. 16 டாலரில் நிலம் கிடைக்கிறது என்றதும் கைக்கு மீறி எடுத்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். காட்டுக்குள் சோளம் விளையும், காசு விளையாது. நான்காம் வருடம் தாண்டி இன்னும் ஒரு வருடம் கட்டாவிட்டால் நிலம், வீடு, திருத்திய வயல் எல்லாம் ஏலத்துக்கு. 1806க்குப் பிறகு காங்கிரஸ் அடிக்கடி கெடுவை நீட்டியும், 1820 வாக்கில் வாங்கியவர்கள் அரசுக்கு வைத்திருந்த பாக்கி 2 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு தவணையையே ஒழித்தார்கள், ஏக்கர் 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கர், ரொக்கம். தாமஸ் லிங்கனும் கடைசியில் கிழக்குப் பாதியை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மேற்குப் பாதி 80 ஏக்கருக்கு மட்டும் 1827இல் பட்டா வாங்கினார்.

அடுத்த குறை, சதுரத்துக்குக் கண் கிடையாது. ஊற்று பக்கத்துச் சதுரத்தில் விழும். உங்களுக்குப் பாறைச் சரிவு விழும். மனு போடுவதற்கு முன் நடந்து பார்க்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்து எடுப்பது பைத்தியக்காரத்தனம். சர்க்கரை மேப்பிளும் கருப்பு வால்நட்டும் அடர்ந்து நின்றால் மண் நல்ல மண்; சர்வேயரின் குறிப்பேட்டிலும் மர வகை, மண் தரம் இரண்டும் இருக்கும்.

இரண்டு சில்லறை விஷயம், ஆனால் தவறினால் சில்லறை அல்ல. ஒன்று, பிரிவு எண். 1785 முறையில் 1 தென்கிழக்கு மூலையில் தொடங்கி வடக்கே ஏறும். 1796 முறையில் 1 வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், கீழே இறங்கி, உழும் மாடு திரும்புவதுபோல் கிழக்கே திரும்பும். மரியெட்டா பக்கத்து ஒஹாயோ கம்பெனி நிலத்தில் பழைய முறை, பிறகு அளந்த இடங்களில் புதிய முறை. ஒரே ‘16’ இரண்டு முறையிலும் ஒரு மைல் தள்ளி உட்காரும். இரண்டு, 1800 சட்டப்படி டவுன்ஷிப்பை அளக்கையில் வரும் மிச்சமும் குறையும் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் கொண்டுபோய்த் தள்ளப்படும். புதிய எண் முறையில் 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31ஆம் பிரிவுகளும் அந்த விளிம்பு. அங்கே ‘160’ என்பது 150ஆகவும் இருக்கலாம், 170ஆகவும் இருக்கலாம். உள்பிரிவாகப் பார்த்து எடுப்பது நிம்மதி.

கம்பெனிக்காரர்கள்

இவர்களில் இரண்டு பேரைப் பார்த்தால் போதும், இரண்டு கோடியையும் பார்த்த மாதிரி.

ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் 1788இல் இரண்டு மயாமி ஆறுகளுக்கு நடுவே 10 லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் பேசினார். 1794இல் பட்டா வந்தது மூன்று லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்கு. அதற்குள் அவர் பட்டாவுக்கு வெளியே கிடந்த நிலத்தையும் விற்று முடித்திருந்தார். பணம் கொடுத்து வீடு கட்டியவர்கள் அரசு நிலத்தில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். 1799இல் காங்கிரஸ் மனமிரங்கி, அதே நிலத்தை ஏக்கர் 2 டாலருக்கு மறுபடி வாங்கிக்கொள்ள முன்னுரிமை கொடுத்தது. ஆக, ஒரு நிலத்துக்கு இரண்டு விலை. அளவும் சதுர முறைதான் என்றாலும் சிக்கனம் பார்த்து அளந்தது. மைல் மைலாக இருக்காது. இங்கே வாங்குவதென்றால் முதலில் 1794 பட்டாவின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுகோடி, ஹாலந்து நிலக் கம்பெனி. 33 லட்சம் ஏக்கர். 1797இல் செனகா மக்களோடு பிக் ட்ரீ உடன்படிக்கை முடிந்த பிறகே அளவு தொடங்கியது. கம்பெனியின் சர்வேயர் ஜோசப் எலிகாட் காந்த ஊசியை நம்பாமல் நட்சத்திரம் பார்த்து வடக்கைத் தீர்மானித்து, காட்டில் வழி வெட்டி மெரிடியன் கோடு, அதாவது நேர் வடக்கு தெற்குக் கோடு, இழுத்தார். 1805 நிலவரத்தில் இதைவிடச் சுத்தமான எல்லை மேற்கே எங்கும் கிடைக்காது என்றே சொல்லலாம். படேவியாவில் அலுவலகம், 360 ஏக்கர் மனைகள், மூன்றாகப் பிரித்தால் 120, முன்பணம் சொற்பம், தவணை நீளம். பிடி எங்கே? கையில் தருவது கிரயம் அல்ல, ஒப்பந்தம். கடைசிக் காசு கட்டும்வரை நிலம் கம்பெனிக்கு. வட்டி சேர்ந்து சேர்ந்து பத்து வருடத்துக்குப் பிறகும் அசலிலேயே நிற்பவர்கள் உண்டு. 1836 பிப்ரவரியில் விவசாயிகள் திரண்டு கம்பெனியின் மேவில் ஊர் அலுவலகத்தையே சூறையாடியது அந்தக் கோபத்தில்தான். எல்லையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாத நிலம்; கடன்தான் கழுத்தைப் பிடித்தது.

உட்கார்ந்துவிட்டுப் பார்ப்பது

ஊற்றுக்கு அருகே நாலு மரத்தைப் பட்டை உரித்துக் கொன்று, ஒரு மரத்தில் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கினால் அது ‘டோமஹாக் உரிமை’. அக்கம்பக்கத்தார் மதிப்பார்கள், விலைக்கும் வாங்குவார்கள். சட்டம் மதிக்காது. 1785இலேயே ராணுவம் வடகரையில் இப்படிக் குடியிருந்தவர்களின் குடிசைகளைக் கொளுத்தியது. 1807இல் அத்துமீறலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. இருப்பவருக்கே முதல் உரிமை என்று நாடு முழுவதற்கும் பொதுவாகச் சட்டம் வர 1841 ஆகவேண்டும். 1805இல் இதைச் செய்பவர் 36 வருடம் முன்னதாக வந்துவிட்டார்.

யாருக்கு எது

80 டாலரை இப்போது வைத்துவிட்டு, விதைக்கும் உப்புக்கும் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் மிச்சம் இருப்பவருக்கு நில அலுவலகத்தின் கால் பிரிவு. 320 டாலரும் கையில் இருந்தால் 320 ஏக்கருக்கு முன்பணம் கட்டும் ஆசையை அடக்கி, 160ஐ 262.40க்கு முழுதாக முடித்துக்கொள்வதே என் கட்சி. 20 டாலர்தான் இருக்கிறது, கையும் காலும் உண்டு என்பவருக்கு எலிகாட்டின் படேவியா. கிரயம் கைக்கு வர வெகுநாள் ஆகும் என்று தெரிந்தே போக வேண்டும். மண்ணுக்காகவே அலைபவர், சங்கிலி பிடிக்கத் தெரிந்தவர், பட்டா வந்த ராணுவ மாவட்டத் துண்டைத் தேடலாம். கென்டக்கியில் சொந்தபந்தம் இருப்பவர் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போய்வரட்டும்.

கால் பிரிவை எடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடுவதில்தான் சதுர நிலத்திலும் சண்டை வருகிறது. கால் பிரிவுக்கு மூலை நான்கு. ஒன்று பிரிவின் மூலை. இரண்டு, பிரிவின் பக்கவாட்டுக் கோடுகளின் நடு. இந்த மூன்றிலும் அரசு சர்வேயர் முளை நட்டு, அருகே உள்ள மரங்களைச் சாட்சியாகக் குறித்திருப்பார். குறிப்பேட்டில் ‘வெள்ளை ஓக், 14 அங்குலம், வடக்கு 32 மேற்கு, 18 லிங்க்’ என்பது போல இருக்கும். முளை மக்கிப் போயிருந்தாலும் மரத்திலிருந்து திசையைத் திருப்பி 18 லிங்க் அளந்தால் இடம் கிடைத்துவிடும். முளை பிசகான இடத்தில் நட்டிருந்தாலும் நட்ட இடம்தான் மூலை. 1805 பிப்ரவரிச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்காவது மூலை பிரிவின் நடுமையம். அங்கே எந்த முளையும் இல்லை. அரசு அதை அளக்கவே இல்லை. எதிரெதிர் நடுமுளைகளை நேர்கோட்டால் இணைத்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தை மாவட்ட சர்வேயரைக் கொண்டு நிறுத்த வேண்டும். மற்ற மூன்று கால் பிரிவுக்காரர்களும் இன்னும் வராவிட்டால், அவர்கள் வரும் நாளில் கூப்பிட்டு நால்வருமாக நின்று, அடியில் ஒரு கூடை கரியைப் போட்டு, மேலே கல்லை நடுங்கள். கல்லை யாராவது நகர்த்தினாலும் கரி மக்காது.